பதினையாயிரம் ஹேர்ட்ஸுக்கு மேலே

“அம்மா, ஊசி மாதிரி ஒண்டு கத்துது.”
எனக்கு ஒன்றுமில்லை.
டொக்யாட் வீதியில் ஓட்டோ ஒன்று போனது,
பிறகு கடல்,
அவ்வளவுதான்.

முதலில் பிரிட்ஜ். இல்லையாம்.
றவுட்டரைப் பிடுங்கினேன், அதுவுமில்லை.
ஃபேனை நிறுத்த வேர்த்தது,
சத்தம் நிற்கவில்லை.
மிதுர்ஷி கலண்டர் தாளைச் சுருட்டிக்
காதில் வைத்துச்
சுவர் சுவராக ஒட்டி நடந்தாள்.

மெயினை இறக்கினேன்.
“இப்ப இல்லை.”
ஏற்றினேன்.
“திரும்ப வந்திட்டுது.”
நம்பாமல், கண்ணைப் பொத்தச் சொல்லி
மூன்று தரம் சோதித்தேன்.
மூன்று தரமும் சரி.

கேற்றுக்கு வெளியே மான்கள்,
கோட்டைப் பக்கமிருந்து குப்பை மேய வந்தவை.
அதிலொன்று செவி நிமிர்த்தி
எங்கள் யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றது.

கட்டிலுக்குப் பின்னால் இருந்தது:
போன் மாட்டாத சார்ஜர்,
பஸ் ஸ்டாண்டடியில் நானூறு ரூபாய்க்குப்
பேரம் பேசி நானே வாங்கியது.

பிடுங்கினேன்.
“போயிட்டுது” என்றாள்,
சொன்ன வாயோடு நித்திரை.
மானும் தலை குனிந்து
லஞ்ச் ஷீற்றை நக்கத் தொடங்கியது.

எது போனதென்று தெரியாமல்
சார்ஜரை உள்ளங்கையில் வைத்தபடி நின்றேன்.
இன்னும் சூடு.