பகுதி

ஹன்ட்ஸ்வில், அலபாமா. மூன்றாம் மாடி.
பத்தாயிரம் முறை ஓடி முடித்தது என் நிரல்.
சராசரிக்கு நூறு ராக்கெட்.
எழுபதைத் தொடவேயில்லை,
வெட்டவெளியில் விழும், விடு என்றது கணிப்பு.
மிச்சம் முப்பதில் இருபத்தேழு நடுவானில் சிதறின.
தொண்ணூறு விழுக்காடு!
டார்னெல் மேசையைத் தட்டினான்,
தடித்த எழுத்தில் போடு என்றான்.

தப்பிய மூன்றுக்கு
அறிக்கையில் ஒரு வரி உண்டு.
எழுபதுக்கு இல்லை.

பின்னத்தில் மேலே தொகுதி, கீழே பகுதி.
கீழே இருப்பதைக் கழித்துக்கொண்டே போனால்
மேலே இருப்பது பெருத்துக்கொண்டே போகும்.

பகுதி என்றால் இடமும்தான்.

ஜன்னலுக்கு வெளியே பருத்தி வயல்.
அறுவடை இயந்திரத்தின் மேல்
மஞ்சள் தொப்பிக்காரர் ஒருவர்.
மதியம் அதன் சக்கர நிழலில் சாய்ந்து
பொட்டலம் பிரிப்பார்.
என் கட்டங்களில் அந்த மாதிரிச் சதுரத்துக்கு
மதிப்பு பூஜ்யம்.

இன்று முதல் புதன்.
சூறாவளிச் சங்கை ஊதிச் சோதித்தார்கள்.
எங்கள் மாடியில் ஒரு தலையும் நிமிரவில்லை.
அவர் எஞ்சினை அணைத்துவிட்டு
வானத்தைப் பார்த்தார்,
சங்கு ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம்.

எல்லாப் பூஜ்யத்தையும் ஒன்றாக்கி
மறுபடி ஓடவிட்டேன்.
நாற்பத்தொன்றாவது ராக்கெட்டுக்கு
எதிர்க்கணை கையிருப்பில் இல்லை.

"எல்லாச் சதுரத்திலும் ஆள் இருக்க மாட்டானே"
என்றான் பின்னால் வந்து நின்ற டார்னெல்.

வாஸ்தவம்தான்.
இயந்திரம் அதற்குள்
அடுத்த சதுரத்துக்குப் போயிருந்தது.