குறிப்பு என்ற கட்டம்

முதல் நாளே அது கேட்டது: நீங்கள் யார்?
அம்மா, அப்பா என்று எழுத இடமில்லை.
பராமரிப்பாளர் ஒன்று. பராமரிப்பாளர் இரண்டு.
எந்த மெஷின் பெயர்த்த தமிழோ.
வதனி யோசிக்காமல் ஒன்றை அழுத்தினாள்.
எனக்கு மிஞ்சியது இரண்டு.
ஏழு வருஷமாய் அதுதான் உண்மை,
ஒருவரும் இவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை.

அதற்கு முன் ஒரு சீஆர் கொப்பி இருந்தது.
பால் சிந்திப் பக்கங்கள் ஒட்டி,
வலிப்பு வந்தது மூன்று மணிக்கா எட்டு மணிக்கா என்று
கிளினிக்கில், டொக்டருக்கு முன்னால் நின்று
சண்டை பிடித்திருக்கிறோம்.

நஸீஹாதான் இதை ஃபோனில் ஏற்றித் தந்தாள்.
வார்டில் பக்கத்துக் கட்டில், மாளிகாவத்தைக்காரி.
மருந்தின் பெயர், மில்லிலீட்டர், மணி,
குழாயில் விட்ட பால்,
குழாயில் திரும்பி வந்த பால்,
சளி உறிஞ்சிய தடவை,
எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம்.
அவளுடைய மகள் டிசம்பரில் மௌத்தாகிவிட்டாள்.
காலை ஆறு மணிக்கு அந்த ஃபோன் இன்னும் அடிக்கிறதாம்.
அணைக்கத் தெரியாதவளில்லை.

நான் இரவுக் காவல். கொள்ளுப்பிட்டியில்
முப்பத்திரண்டு மாடி, கடலைப் பார்த்த கண்ணாடி.
வதனி மட்டக்குளியில், ஒன்றரை அறையில், சஞ்சுதனோடு.
இரண்டு மணி மருந்துக்கு
இரண்டு ஃபோனும் ஒன்றாக அதிரும்.
பெரிய கார் ஒன்று வந்து ஹோன் அடிக்கும்,
கேட்டைத் திறப்பேன், சல்யூட் வைப்பேன்,
கண் மட்டும் திரையில்.
இரண்டு நான்கு.
இரண்டு ஏழு.
பிறகு பச்சையாய் ஒரு சரி.
அவள் எழும்பியிருக்கிறாள்.
மருந்து குழாயில் இறங்கியிருக்கிறது.
அதன் பிறகுதான் நான் கதிரையில் இருப்பேன்.

நேரே பேசிக்கொள்வது குறைவு.
நான் வரும்போது அவள் நித்திரை,
அவள் எழும்பும்போது நான் நித்திரை.
ஆனால் கடைசியில் ஒரு கட்டம் உண்டு, குறிப்பு என்று.
அங்கேதான் குடும்பம் நடக்கிறது.
"காய்ச்சல் 38.2. கரண்ட் பில் வந்திட்டுது."
"சளி மஞ்சள். பருப்பு சட்டிக்குள்ள, சூடாக்குங்கோ."
"வலிப்பு நாற்பது செக்கன்.
நேத்து கத்தினத மனசில வைக்காதேங்கோ."

போன கிளினிக்கில் புது டொக்டர், சின்ன வயது.
திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
ஏறி இறங்கும் கோட்டுக்குப் பாஷை தேவையில்லை,
ஒரு மருந்தைக் கூட்டினார், ஒன்றைக் குறைத்தார்.
பிறகு அந்தக் கட்டத்தில் விரல் நின்றது.
"மெதன மொனவத லியலா தியென்னே?"
இதில் என்ன எழுதியிருக்கிறது என்று.
நான் வதனியைப் பார்த்தேன்.
அவள் சுவரில் தடுப்பூசிப் படத்தைப் பார்த்தாள்.
சாப்பாட்டு விஷயம் டொக்டர், என்றேன் சிங்களத்தில்.
பாதிதான் பொய்.

ஒன்றை மட்டும் நாங்கள் நிரப்புவதே இல்லை.
குழந்தையின் மனநிலை: ஐந்து மஞ்சள் முகங்கள்,
சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடிகிறது.
சஞ்சுதனுக்கு ஆறாவது ஒன்று வேண்டும்.
இடது கண் ஓரம் கொஞ்சம் சுருங்கி,
நாக்கு மெல்ல மேலே போகிற மாதிரி.
அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்
உலகத்தில் இரண்டு பேர்.

நேற்று நான்கு மணிக்கு
பதினொரு நிமிஷமாகியும் சரி விழவில்லை.
அழைக்கப் போனேன், விரல் அவளுடைய எண்ணுக்கு மேலே.
அப்போதுதான் வந்தது.
அதன் கீழே குறிப்பு:
"இங்க சரியான மழை. தகரத்தில விழுற சத்தத்துக்கு
அந்த முகம் காட்டினவன். போட்டோ எடுக்கப் போனன், இருட்டு.
மருந்து பிந்தினது அதாலதான்.
நீங்கள் குடை கொண்டு போகேல்ல."