சத்தம் குறைந்த வெடி

மூடுபனி இலக்குப் பலகைகளை
ஒன்பதரைக்குத்தான் திருப்பிக் கொடுத்தது.
அதுவரை ஆறு பேரும் தேநீர் குடித்தார்கள்.
நான் ரவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பண்டாரவளைக்கு மேலே
யூக்கலிப்டஸ் வெட்டிச் சமன்செய்த சரிவில்
எங்கள் சுடுகழகம்.
நூறு மீற்றர். முடிவில் மண்மேடு.
மண்மேட்டுக்குப் பின்னால் தேயிலை,
பதினெட்டாம் நம்பர் மலை,
கொழுந்தெடுக்கும் பெண்கள்.
விதிப்புத்தகத்தில் அவர்களுக்குப் பெயர்
'மூன்றாம் தரப்பினர்'.
அதில் ஒருத்தி எனக்கு நாத்தனார்.

என் வேலை சிறியது.
பெட்டியைத் திறந்து பார்ப்பது,
தொழிற்சாலை முத்திரை, தொகுதி இலக்கம்
பதிவேட்டில் ஏற்றுவது,
"வீட்டில் நிரப்பியதா?" என்று கேட்பது,
இல்லை என்றால் ஒப்பம் வாங்குவது.
அதற்குக் கீழே என் ஒப்பம்.

எக்கநாயக்க மாத்தியா இல்லை என்றார்.
ஐம்பது ரவைப் பெட்டி, இரண்டு தட்டு.
மேல்தட்டு இருபத்தைந்தும் ஒரே மஞ்சள்.
கீழ்த்தட்டை நான் தூக்கவில்லை.
அவருக்குப் பின்னால் நாலு பேர்,
பனி மறுபடி இறங்கும் போலிருந்தது.
(இவை காரணங்கள் இல்லையாம்.
சட்டத்தரணி நிலாம்தீன் பிறகு திருத்தினார்:
'சூழ்நிலைகள்' என்று சொல்ல வேண்டும்.)

முப்பத்தொன்றாவது வெடி
வெடியாக இல்லை.
ஈரச் சாக்கை யாரோ படியில் போட்ட மாதிரி
பொத்.
கோது துள்ளி விழுந்தது.
பலகையில் துளை இல்லை.
அவர் விரல்கள் அடுத்த ரவையைத் தேடிப் போயின.

நிறுத்து. நவத்தன்ன. ஸ்டொப்.
எது முதலில் வாயில் வந்தது என்று
விசாரணையில் கேட்டார்கள்.
தெரியாது. கை மேலே போனது தெரியும்.

"வெடித்ததுதானே? நேரம் ஓடுகிறது,
இது தெரிவுப் போட்டி" என்றார்.
துவக்கைக் கீழே வைக்கச் சொன்னேன், முனை மேட்டைப் பார்க்க.
வாய் திறந்த குழலுக்குள்
துடைக்கும் கம்பியை விட்டேன்.
பாதியில் நின்றது.

உள்ளே ஒரு சன்னம்,
வெளியே போக மருந்து போதாமல்
குழலின் இருட்டில் குந்தியிருந்தது.
அடுத்தது அதன் முதுகில் மோதியிருந்தால்
இரும்பு கிழிந்திருக்கும்.
அவர் கன்னம்.
பக்கத்துத் தடத்தில்
பதினாறு வயது ஷெனாலியின் கண்.

கீழ்த்தட்டைத் தூக்கினேன், இப்போது.
கழுத்துக் கறுத்த பழைய பித்தளைகள்.
இரவு சாப்பாட்டு மேசையில் நிரப்பினாராம்.
மகன் கணக்குப் பாடத்தில் ஏதோ கேட்டானாம்.
அந்த ஒன்றில் அளவு தப்பியிருக்கும்
என்று மெதுவாகச் சொன்னார்.
அவர் கையும் என் கையும்
ஒரே நேரத்தில் நடுங்கின.
அது மட்டும் அறிக்கையில் இல்லை.

காப்புறுதிப் படிவம், ஒன்பதாம் கேள்வி:
ரவைகளைப் பரிசோதித்தவர் யார்?
நிலாம்தீன் பேனையின் மூடியைத் திறக்கவிடவில்லை.
"பொய்யாக ஒப்பமிட்டது அவர்.
நிறுத்தியது நீங்கள்.
காயம் இல்லை. காயம் இல்லாவிட்டால்
நட்டஈடு கேட்க ஆளில்லை.
கீழ்த்தட்டைப் பற்றி யார் கேட்டார்கள்?"

யாரும் கேட்கவில்லை.
பதிவேட்டில் கணக்கும் நேராக நின்றது:
கொண்டுவந்தது ஐம்பது,
கோது முப்பத்தொன்று,
மீதி பத்தொன்பது.
பலகைக்குப் போகாத அந்தச் சன்னத்துக்குத்தான்
எந்தப் பத்தியிலும் இடமில்லை.

அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தேன்.
'கீழ்த்தட்டு பார்க்கப்படவில்லை'
என்று எழுதி, அடித்து,
'நான் பார்க்கவில்லை' என்று எழுதினேன்.
எஸ். மங்களேஸ்வரி. திகதி. நேரம்.

அந்தியில் கொழுந்து நிறுத்துவிட்டு
நாத்தனார் குறுக்குப் பாதையில் இறங்கி வந்தாள்.
"இன்னிக்கு என்ன, சத்தம் வெள்ளனவே நின்னுபோச்சு?"
மழை என்றேன்.

அவள் தலையில் போட்டிருந்த சாக்கைத்
தொட்டுப் பார்த்தாள்.
காய்ந்திருந்தது.