தாமதத்துக்குக் காரணம்

இது முன்பு கம்பளிக் கிடங்கு.
ஈரமான நாட்களில் இன்னும்
லேசர் வெட்டும் இயந்திரத்தின் பின்னாலிருந்து
ஆட்டு வாடை வரும்.
பட்டறை என்று பலகையில் எழுதியிருக்கிறோம்.
ஊர் கிடங்கு என்றுதான் சொல்கிறது.

புந்தா அரேனாஸில் பாடம் நடத்துகிற யாரும் வரலாம்.
சுவரகலப் படம் அச்சடிக்கலாம், காகிதத்துக்கு மட்டும் காசு.
நுண்ணோக்கி, தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சுப்பொறி
பதினான்கு நாள் இரவல்.
பேரேடு என்னிடம்.
பெயர், பொருள், போன தேதி, வந்த தேதி,
தாமதத்துக்குக் காரணம்.

கடைசிப் பத்தியில்தான் எனக்கு ருசி.
மறந்துவிட்டேன் என்று இதுவரை ஒருவரும் எழுதியதில்லை.
பல்வலி. பரீட்சை. மாமியார்.
ஒருமுறை, கடற்சிங்கம் என்று மட்டும்.
நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

யாஸ்னா மிஹோவிலோவிச் முதலில் வந்தது மார்ச்சில்.
ஜலசந்திக்கு அந்தப்பக்கம்,
போர்வெனிரையும் தாண்டி,
ஒன்பது பிள்ளைகள், ஒரு கணப்பு, ஒரே அறை.
இதயத்தின் படம் கேட்டாள், இரண்டு மீட்டர்.
அச்சிட்டுச் சுருட்டிக் கொடுத்தேன்.
வாசலைத் தாண்டியதும்
காற்று அவளைப் பாய்மரமாக்கிவிட்டது.
தெருமுனையில் கட்டிய கயிற்றை ஒரு கையால் பற்றி
மறு கையால் இதயத்தை இறுக்கிக்கொண்டு
நின்றாள்.
சிரித்தாளா, திட்டினாளா,
கண்ணாடிக்கு இப்பால் கேட்கவில்லை.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது
காற்று எப்போதாவது ஓய்கிற ஊரின் பேச்சு.
இங்கே உமியோடு நெல்லும் போகும்.
முறமும் போகும்.

ஏப்ரலில் அச்சுப்பொறியைக் கேட்டாள்.
காரின் முன் இருக்கையில் வைத்துப்
போர்வை சுற்றி, பெல்ட் மாட்டி.
படகில் ஒருவர் குனிந்து பார்த்து
எந்த ஆஸ்பத்திரிக்கு என்றாராம்.

பதினான்காம் நாள் வரவில்லை.
பதினைந்து.
பதினாறு.
துறையில் படகு கட்டிக் கிடந்தது.
வரிசையில் அடுத்தவர் எலெயாசர் பர்ரியா,
தொழிற்பள்ளிக்காரர், தினமும் வந்து நின்றார்.
பற்சக்கரம் நடத்தவேண்டிய வாரம்
பல் பல்லாகக் கழன்றுகொண்டிருந்தது.
"தீவுக்குக் கொடுத்திருக்கவே கூடாது."
எனக்கும் அப்படித்தான் தோன்றியது.
சொல்லாமல் பேரேட்டைப் புரட்டினேன்.

இருபத்தைந்தாம் நாள் வந்தாள்.
இயந்திரம் துடைத்துச் சுத்தமாக இருந்தது.
சுருளில் ஒரு சாண் பிளாஸ்டிக் மீதியில்லை.

என்னதான் செய்தீர்கள் என்றேன்.
கணப்புக் கதவுக்குக் கைப்பிடி, உருகிவிட்டது.
இன்னொன்று செய்தோம்,
அதுவும் உருகியது.
பிறகு ஒரு பையன் யோசித்து
குழாய்க்குச் செய்தான்.

பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்:
உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவில் ஒரு நிலப்படம்.
மலை மேடாக, கடல் பள்ளமாக.
இது கூடுதல் பிரதி.
முதல் பிரதி லிக்கராயெனுக்கு.
கரும்பலகை அவளுக்கு வெறும் கறுப்பு.
ஜலசந்தியை விரலால் குறுக்கே கடந்துவிட்டுக்
கேட்டாளாம்:
"இவ்வளவுதானா?
இதைத் தாண்டவா படகுக்கு இத்தனை பயம்?"

பர்ரியா நிலப்படத்தைத் தடவிப் பார்த்தார்.
துறைமுகம் கொஞ்சம் வடக்கே போய்விட்டது என்றார்.
ஆனால் கையை எடுக்கவில்லை.

அபராதம் நாளுக்கு இரண்டாயிரம் பெசோ.
பதினோரு நாளுக்கு எண்ணி நீட்டினாள்.
நான் துறைமுகத்துக்குப் போன் போட்டேன்.
அந்தப் பதினோரு நாளில்
இரண்டு நாள் படகு ஓடியிருக்கிறது.

யாஸ்னா ஜன்னலைப் பார்த்தாள்.
"தெரியும். சங்கு கேட்டது.
தெற்குக் கரை மட்டும் பாக்கி இருந்தது."

நாலாயிரம் வாங்கிக்கொண்டு ரசீது கிழித்தேன்.
பர்ரியா அதற்குள் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு
கதவை முதுகால் தள்ளிக்கொண்டிருந்தார்.
காற்று அந்தப் பக்கமிருந்து தள்ளியது.
நாங்கள் இருவரும் எழுந்து போய்த் தோள் கொடுத்தோம்.

திரும்பி வந்து கடைசிப் பத்தியில் எழுதினேன்:
காற்று, ஒன்பது நாள்.
கரை, இரண்டு.