காலிப்பணியிடம்: ஐந்து

பள்ளிப்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மகிமைதாசுக்கு
என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் மனப்பாடம்.
'அறிவியல் தொண்ணூத்தி மூணு, கணக்குலதான் கோட்டை விட்டீங்க'
என்பான், நகல் சூடு ஆறும் முன்பே.

செவிலியர். ஒப்பந்த அடிப்படை. பதினொரு மாதம்.
'எக்காலத்திலும் பணி நிரந்தரம் செய்யப்பட மாட்டாது
என்பதை நன்கு அறிவேன்'
என்ற வரிக்குக் கீழே கையெழுத்து.
போட்டேன்.
இத்தனை ஒளிவுமறைவில்லாமல் யாரும் என்னிடம் பேசியதில்லை,
பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரரும்.

பெயரில்தான் சிக்கல்.
பள்ளிச் சான்றில் ஏமாவதி,
வடவெழுத்து பிடிக்காத தமிழய்யா உபயம்.
சித்தூரில் வாங்கிய நர்சிங் பட்டயத்தில்
வீட்டுப்பெயர் முன்னால் வந்து நிற்க
கொண்டூரு ஹேமாவதி.
ஆதாரில் ஹைமாவதி.
மூவரும் ஒருத்தியே என்று
நோட்டரி வக்கீல் இருநூறு ரூபாய்க்கு நம்பினார்.

பிறந்த இடம் நகரி என்றதும்
தாலுகா ஆபீஸ் கிளார்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
'அந்தப் பக்கமா நீங்க?'

சார், அன்று ராத்திரி பாலக்கண்டிகை சுகாதார நிலையத்தில்
விளக்கு எரிந்தது, ஆள் இல்லை.
கரும்பு டிராக்டரில் அம்மாவை ஏற்றி
எல்லையைத் தாண்டி ஓட்டினார்கள்.
தாண்டிய பத்தாவது நிமிடம் நான் அழுதேன்.
இதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.
அவர் குறித்துக்கொண்டது: 'விசாரணைக்கு.'

அறிவிப்பில் ஐந்து ஊர்.
மூன்றாவது பாலக்கண்டிகை.

நகரி நர்சிங் ஹோமில் ஆறு வருடம்,
கையில் ஒன்பதாயிரம்.
அனுபவச் சான்று கேட்டேன்.
'வெள்தே மள்ளீ ராகண்டி' என்றார் டாக்டர்.
போனால் திரும்பி வராதீர்கள்.
விரட்டும்போதுதான் அந்த 'ங்க' எனக்குக் கிடைத்தது.

திருவள்ளூர், கலெக்டர் ஆபீஸ் வளாகம்.
ஐந்து இடத்துக்கு அறுநூறு பேர்,
சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றி, கேண்டீனைச் சுற்றி,
கேட்டுக்கு வெளியே இளநீர் வண்டி வரை.
வரிசையைச் சரிசெய்ய வந்த ஊர்க்காவல் படைக்காரர்
'ஒரே லைன், ஒரே லைன்' என்று கத்தியபடியே வந்து
வேப்பமரத்து நிழலுக்கு ஓரடி முன்னால்
மடங்கிச் சரிந்தார்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல.
அறுநூறு நர்சுகள்!
ஒருத்தி தலையைத் தாங்கினாள், ஒருத்தி பெல்ட்டைத் தளர்த்தினாள்,
யாரோ துப்பட்டாவால் வெயிலை மறைத்தார்கள்.
ஊத்துக்கோட்டைக்காரி மணிக்கட்டைப் பிடித்து எண்ணத் தொடங்கியதும்
இளநீர் வண்டி வரை வாய் மூடியது.
பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள்
கொடுத்தபடியே சொன்னாள்:
'காலைத் தூக்கி வைங்க, எதையாவது அண்டை கொடுங்க.'

எதை வைப்பது?
எங்களிடம் இருந்தது கோப்புகள்தான்.
நீலம், பச்சை, கிளிப் போன ஒன்று,
எல்லாவற்றுக்கும் மேலே என்னுடையது.
ஏமாவதி, கொண்டூரு ஹேமாவதி, ஹைமாவதி
மூவரும் அவர் குதிகாலுக்குக் கீழே.

அந்தப் பத்து நிமிடம் மாவட்டத்தில்
ஒரு பணியிடமும் காலியில்லை.

கண் திறந்தவர் கேட்டார்: 'லைன் எங்கம்மா?'

சிரித்துவிட்டோம். பிறகு
அவரவர் கோப்பை உருவிக்கொண்டு
எனக்கு முன்னால் நீ இல்லை, நான்தான் என்று
சண்டை போட்டபடி போய் நின்றோம்.

என் முறை வரும்போது மணி மூன்றரை.
மேசைக்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'என்னம்மா இது, செருப்புக் காலால மிதிச்ச மாதிரி?'
'பூட்ஸ் சார்.'
உள்ளே புரட்டினார். எண்ணினார்.
'அனுபவச் சான்று?'

உறை மேல் படிந்திருந்த குதிகால் தடத்தைப் பார்த்தேன்.
'இல்லை சார்' என்றேன்.

பெறப்பட்டது என்று முத்திரை குத்தினார்,
தடத்தின் மேலேயே.