இருட்டை எண்ணியவர்கள்

முப்பத்தொரு வீடுகள் எனக்கு மனப்பாடம்.
கதவோரச் சாவிப்பெட்டியில்
நான்கு எண்களைத் திருப்பினால் போதும்.
துறைமுக முனை வீட்டுக்கு
ஏதோ ஒரு பேரனின் பிறந்த வருடம்.
பழைய மத்திமீன் கிடங்குக்கு
நான்கும் பூஜ்யம்;
மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பும்,
நாலு மணிக்கு அடுத்தது வந்து இறங்கும்.
இடைப்பட்ட ஆறு மணி நேரம் வீடு என்னுடையது:
விரிப்புகள், குளியல்தொட்டியில் மணல்,
அடுப்பில் பொங்கிக் காய்ந்த பால்.
எல்லாம் முடிந்ததும் மேசைமேல்
ஒரு பொட்டலம் பிஸ்கட்,
என் கையெழுத்தில் ஓர் அட்டை:
"உங்கள் வீடாகவே நினைத்துக்கொள்ளுங்கள்."

ஒரு கோடைக்கு நானூறு அட்டை.
எழுதிய கை
பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு கேரவனில் தூங்குகிறது.
ஜனவரியில் அந்த மைதானத்தையும் பூட்டிவிடுவார்கள்.
அப்புறம் அக்காவின் சோபா,
அவள் நாயோடு பங்கு.

நவம்பரில் ஓர் இரவு பேஜர் அலறியது.
மீட்புப் படகுக்கு ஆறு பேர் வேண்டும்,
கரையில் நின்றது நான்கு.
ஜோரி அப்போது மலைச்சாலையில்
ஒரு டிராக்டரின் பின்னால்
ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான்.
அவன் பிறந்த வீடு
படகிலிருந்து நாற்பதடி.
கதவுக்குச் சாம்பல்நீலம் பூசி
"மாலுமியின் ஓய்வு" என்று பலகை மாட்டி
பூட்டிக் கிடந்தது.
பதினொரு நிமிடம் தாமதம்.
நண்டுப் படகுக்காரர் பிழைத்துக்கொண்டார்.
அதனால் அது செய்தியாகவில்லை.

"எண்ணிப் பார்ப்போம்" என்றாள் லவ்டே.
பேருந்து ஓட்டுபவள்,
டிக்கெட் சுருளின் முதுகில்
தெருக்களைப் பிரித்துக் கொடுத்தாள்.
ஜனவரி, செவ்வாய், இரவு ஏழு மணி.
மழையில் பதினாறு பேர்
விளக்கெரியும் ஜன்னல்களைத் தேடி நடந்தோம்.

நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
இருபத்து மூன்றில் வெளிச்சம்.
இல்லை, இருபத்திரண்டு.
கிடங்கு வீட்டு விளக்கு
தானாக எரிந்து தானாக அணைவது;
அதில் நேரம் வைத்தவளே நான்தான்.

எனக்கு ஒரு கிறுக்குப் புத்தி தோன்றியது:
எண்கள் தெரியுமே, எல்லாக் கதவையும் திறந்து
எல்லா விளக்கையும் போட்டால் என்ன?
ஒரே ஓர் இரவு ஊர் ஊராக இருக்கட்டுமே.
லவ்டே என் கையைப் பிடித்தாள்.
"வேண்டாம் கெரென்சா.
நமக்கு இருக்கிற ஒரே சாட்சி இந்த இருட்டு.
அதைக் கலைக்காதே."

மன்றக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்.
கம்பளிச் சட்டைக்காரர் ஒருவர்
புது வீடுகள் வந்தால் காட்சி கெட்டுவிடும் என்றார்.
அவர் ஜன்னலைத் துடைப்பவள் நான்.
நல்ல காட்சிதான், பொய் சொல்ல மாட்டேன்.

என் முறை வந்தது.
எழுதி வைத்த தாள் பையிலேயே நனைந்து ஒட்டியிருந்தது.
"முப்பத்தொரு வீட்டின் எண்கள் எனக்குத் தெரியும்" என்றேன்.
பின்வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.
"பயப்படாதீர்கள், சொல்ல மாட்டேன்.
நான் சொல்ல வந்த எண் ஒன்றுதான்.
இருபத்திரண்டு."
உட்கார்ந்துவிட்டேன்.
மீதி இரண்டு நிமிடமும்
கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது,
யாரும் அதை நிறுத்தவில்லை.

ஐந்துக்கு நான்கு.
பேருந்து நிறுத்தத்தின் பின்புற வயலில் எட்டு வீடுகள்,
கூலிக்குத் தக்க வாடகை.
விண்ணப்பம் நாற்பத்து மூன்று.
என் வரிசை எண் பத்தொன்பது.

நேற்று போய்ப் பார்த்தேன்.
முளையடித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
புல்மேல் எட்டுச் சதுரம்.
ஒன்றில் சமையலறை வரும் இடமாகப் பார்த்து நின்றேன்.
காற்று நேராக உள்ளே வந்தது.
வயலோரம் ஜோரி
கைக்கடிகாரத்தை அழுத்திவிட்டுத்
துறைமுகம் நோக்கி ஓடினான்.
கீழிருந்து கத்தினான்:
"நாலு நிமிஷம்!
பூட்ஸ் போட்டால் அஞ்சு!"