அறுபத்து நான்கு கிலோபைட்

சலாஸி மலைக்கிண்ணத்தில்
சௌசௌ கொடி ஏறிய கம்பத்தில்
ஒரு மழைமானி.
உள்ளே கட்டைவிரல் அகலப் பலகை.
நினைவகம் அறுபத்து நான்கு கிலோபைட்.
என் அடையாள அட்டைப் படம்கூட
இதைவிடக் கனம்.

இதற்குள் ஒரு மொழியைக்
குடிவைக்க வேண்டும்.

பைத்தானைக் கூப்பிட்டேன்.
மூட்டை முடிச்சோடு வந்தது.
எல்லாம் இறக்கி வைத்த பிறகு
மழைக்கு இடமில்லை.
ஜாவாஸ்கிரிப்ட்டின் குட்டி ஒன்று,
எதைக் கேட்டாலும்
பிறகு சொல்கிறேன் என்றது.

ஃபோர்த் மட்டும்
பன்னிரண்டே கிலோபைட்டில்
கால் நீட்டிப் படுத்தது.
அதில் இப்படித்தான் எழுத வேண்டும்:
இரண்டு, மூன்று, கூட்டு.
அளவு, எல்லை, ஒப்பிடு.
வினை கடைசியில்.

சேன்-ஆந்த்ரேயில், சனிக்கிழமை வகுப்பில்
முப்பத்தொரு வயதில் நான் படிக்கத் தொடங்கிய தமிழும்
எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு
வினைக்குக் காத்திருக்கும்.
பிரெஞ்சில் யோசித்துப் பழகியவள்
அன்றிரவு தனியாகச் சிரித்தேன்.
வாசி, எண்ணு, சொல் என்று
கட்டளைகளுக்குப் பெயர் வைத்தேன்.
பலகை கீழ்ப்படிந்தது.

மூன்று நாள் அதுதான் முடிவு.

நான்காம் நாள் லுடோவிக் திரைமுன் குனிந்து
காப்பி ஆறும்வரை பார்த்தான்.
"அழகு. ஆனால் பிப்ரவரியில்,
சிவப்பு எச்சரிக்கையில்,
பாலத்தை மூடி
நீ அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால்
இதை யார் படிப்பது?"

பதில் அடுக்கின் அடியில் கிடந்தது.
மேலே இருப்பதை எல்லாம் எடுத்தால்தான்
அதை எடுக்க முடியும்.

லுவாவை ஏற்றினேன்.
போர்த்துகீசில் நிலா என்று பொருளாம்.
பாதிக்கு மேல் தின்றது.
வேலைக்கு நடுவே நின்று
வீடு கூட்டும் பழக்கம் வேறு;
அந்த நொடியில் மானியின் கிண்ணம் கவிழ்ந்தால்
கணக்கில் வராது.
அதனால் எண்ணுவதைச் சி-யிடம் விட்டேன்.
லுவாவுக்கு ஒரே வேலை:
மணிக்கு முப்பது மில்லிமீட்டர் தாண்டினால்
ஆற்றோரத்தை எழுப்பு.

முந்தாநாள் புயல்
வடக்கே ஒதுங்கிப் போனது.
போகும்போது உதறிவிட்டுப் போனது.
இரண்டு மணிக்கு நான் தூக்கத்தில்.
லுடோவிக் தன் வீட்டிலிருந்து
முப்பதை அழித்து இருபத்தைந்து என்று எழுதியிருக்கிறான்.
என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்,
பத்து நிமிடம் தாமதமாக.

மாறி ஒன்றுக்கு மட்டும்
ரோமன் எழுத்தில் மழை என்று பெயர் விட்டிருக்கிறேன்.
அவன் 'மசே' என்று படிக்கிறான்.
எண் தப்பவில்லை.